லாக்டிக் அமிலம்: கலனில் 688 கிராம், கையில் 270. மீதி எங்கே போனது?

புளித்தமாவு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். உயிரித்தொழில்நுட்பத்தில் எம்.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேலம் பக்கம். ஊரைச் சுற்றிச் சேகோ ஆலைகள் இருப்பதால் மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்து லாக்டிக் அமிலம் என்று தலைப்பு எடுத்தேன். நொதித்தல்தான் கஷ்டம் என்று சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கோ அது முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது.

செய்ததை அப்படியே சொல்கிறேன். ஸ்டார்ச்சை அமைலேஸ், குளுக்கோஅமைலேஸ் என்ற இரண்டு என்சைம்களும் போட்டுச் சர்க்கரையாக்கினேன். லிட்டருக்கு 100 கிராம் குளுக்கோஸ், கொஞ்சம் ஈஸ்ட் சாறு. லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி பாக்டீரியா, 45 டிகிரி. அமிலம் ஏற ஏற அதை நடுநிலையாக்க முதலிலேயே லிட்டருக்கு 60 கிராம் கால்சியம் கார்பனேட் போட்டுவிட்டேன். 48 மணி நேரத்தில் எச்.பி.எல்.சி. (கரைசலில் எது எவ்வளவு என்று அளக்கும் கருவி) காட்டியது: லாக்டிக் அமிலம் லிட்டருக்கு 86 கிராம், மீதிச் சர்க்கரை 6 கிராம். கரைசல் 8 லிட்டர். ஆக 688 கிராம்.

மாலை ஆறு மணி ஆகிவிட்டதால் எங்கள் ஆய்வகத்து வழக்கப்படி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தேன். காலையில் சென்ட்ரிபியூஜில் சுழற்றிச் செல்களைப் பிரித்தேன். அடியில் 900 கிராம் ஈரப் படிவு கிடைத்தது. பாக்டீரியா இவ்வளவு வளர்ந்திருக்கிறதே என்று படம்கூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேலே நின்ற தெளிவை எங்கள் கையேட்டில் உள்ளபடி 90 டிகிரிக்குச் சூடாக்கிச் சுண்ணாம்பு சேர்த்தேன். கால்சியம் உப்பு படிய வேண்டும் என்று போட்டிருக்கிறது. படியவே இல்லை. இன்னும் சேர்த்தேன், பி.எச். 10 தாண்டியது. அழுக்கு போல ஏதோ திரண்டதே தவிர, உப்பு வரவில்லை. கரைசல் மட்டும் பழுப்பாகிக்கொண்டே போனது. வடிகட்டி, ஆறவிட்டு, கந்தக அமிலத்தைச் சேர்த்தேன். உடனே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) களி மாதிரி வந்தது. வடிதாள் அடைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் போனது. கடைசியில் ரோட்டரி எவாப்பரேட்டரில் 80 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்துப் பாகாக்கினேன். நிறம் பில்டர் காபி டிகாஷன். குடுவையின் உள்ளே வெள்ளைப் படலம். சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு டைட்ரேட் செய்தால் மொத்தமே 270 கிராம் அமிலம்தான்.

400 கிராமுக்கு மேல் எங்கே போனது? வெள்ளைப் படலம் என்ன? நிறத்தை எப்படி எடுப்பது? அடுத்த மாதம் இரண்டாம் கட்ட மதிப்பீடு இருக்கிறது. யாராவது உதவுங்கள்.

---

கரைப்பான்

வணக்கம். கால்சியம் வழியெல்லாம் பழைய காலத்து முறை. நீங்கள் எதிர்வினைச் சாறெடுப்பு முயற்சி செய்து பார்க்கலாம். டிரைஆக்டைல் அமீனை ஆக்டனாலில் கலந்து நொதிக்கரைசலோடு குலுக்கினால் அமிலம் கரைப்பானுக்குள் போய்விடும். பிறகு அதைக் காரநீரில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஜிப்சமே வராது. என் முனைவர் பட்ட ஆய்வு இதில்தான். தூய அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்துச் செய்தபோது எனக்கு 90 சதவீதத்துக்கு மேல் மீட்பு கிடைத்தது.

---

மூன்றாம் ஷிப்ட்

மேலே உள்ள தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. "தூய அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த அம்மாவிடம் இருப்பது தூய அமிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை. அமீனுக்குள் போவது அயனியாகாத அமிலம். லாக்டிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது பாதி அயனியாகும் பி.எச்., 3.86. இவருடைய கலனில் பி.எச். 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அயனியாகாமல் நிற்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எடுக்க வேண்டுமென்றால் முதலில் கந்தக அமிலம் ஊற்றிப் பி.எச்.சை இறக்க வேண்டும். கால்சியம் இருக்கிற கரைசலில் கந்தக அமிலம் ஊற்றினால் வருவது என்ன? அதே ஜிப்சம். கூடவே புரதமும் கரைப்பானும் சேர்ந்து நடுவில் மோர் மாதிரி ஒரு அடுக்கு நிற்கும். அது பிரியவே பிரியாது. பெனிசிலினில் கரைப்பான் முறை வென்றது உண்மைதான். அங்கே பொருளின் விலை வேறு, அளவு வேறு. 1940இல் ஆக்ஸ்போர்டில் உயிர்வேதியியலாளர் நார்மன் ஹீட்லி அதை அமிலத்தில் ஈதருக்குள் எடுத்து, நடுநிலை நீருக்குள் திரும்பக் கொண்டுவந்தார். அமிலத்தில் பெனிசிலின் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் குளிரவைத்து, நிமிடக்கணக்கில் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. நம் சரக்கு சிதையாது, மலிவானது. இதற்கு அந்தச் செலவு தாங்காது.

இப்போது உங்களிடம் வருகிறேன், அம்மா. நான் 31 வருடம் நொதிப்பு ஆலைகளில் இருந்தவன், அதில் 14 வருடம் லாக்டிக் அமிலம். கலன் பக்கம் நின்றவன் இல்லை. கலனுக்குப் பின்னால் வடிகட்டி, ஆவியாக்கி, ரெசின் பத்திகள் (அயனிகளைப் பிடிக்கும் மணிகள் நிரப்பிய நீள் குழாய்கள்) என்று நின்றவன். கலன்காரர்களுக்குத்தான் படம் எடுப்பார்கள். நஷ்டக் கணக்கு எழுதுவது எங்கள் வேலை.

உங்கள் பாக்டீரியா அவ்வளவு உழைப்பாளி இல்லை. இந்த வகை நொதிப்பில் ஈரச் செல் லிட்டருக்கு 20 கிராம் கிடைத்தாலே தாராளம். 8 லிட்டருக்கு 160. நீங்கள் போட்ட கார்பனேட் லிட்டருக்கு 60. 86 கிராம் அமிலத்துக்குத் தேவை 48தான். மீதி 12 கரையாமல் அடியில் கிடக்கும். அது 100 கிராம் சுமார். இரண்டும் சேர்ந்து 260. நீங்கள் எடுத்த படிவோ 900. மீதி 640 என்ன?

கால்சியம் லாக்டேட். படம் எடுத்தீர்களே, அதுதான்.

கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 86 கிராம் அமிலம் என்றால் நீரற்ற கால்சியம் லாக்டேட்டாக 104 கிராம். அது 45 டிகிரியில் கரைந்து நின்றது. 30 டிகிரியில் லிட்டருக்கு 85 கிராம் அளவுக்குத்தான் கரையும், 20 டிகிரியில் 58. நீங்கள் 4 டிகிரியில் வைத்தீர்கள். நல்லவேளை, இந்த உப்பு சோம்பேறி, மெதுவாகத்தான் படிகமாகும். இன்னொரு நாள் விட்டிருந்தால் இன்னும் போயிருக்கும். வரும்போதும் ஐந்து நீர் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டு வரும், அதனால்தான் எடை அப்படி ஏறுகிறது. 640இல் ஒட்டிய ஈரத்தைக் கழித்து 500 என்று கொண்டால், அதற்குள் 290 கிராம் லாக்டிக் அமிலம் இருக்கிறது.

ஆய்வகத்தில் என்சைமுக்கும் புரதத்துக்கும் குளிர்பெட்டி நல்லது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. எங்கள் ஆலை இருந்தது மராட்டியத்தில். டிசம்பர் இரவில் குளிர் இறங்கும். ஒரு நாள் கலனிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போகும் குழாயின் நீராவி உறையை யாரோ மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வருவதற்குள் 40 அடிக் குழாய் முழுவதும் கல்லாக நின்றது. விடியும் வரை வெந்நீர்க் குழாயை வைத்துக்கொண்டு மூன்று பேர் அதை இளக்கினோம். அன்று ஷிப்ட் என்னுடையது. அதனால் இந்த உப்பின் குணம் எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

அடுத்தது, சூடாக்கியும் படியவில்லை என்றீர்களே. உங்கள் கையேட்டைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பக்கம் சிட்ரிக் அமிலத்துக்கு எழுதியதாக இருக்கும். கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரைதிறன் குறைந்து படியும். அதனால்தான் அதைக் கொதிநிலைக்கு அருகில் வைத்து வடிக்கிறார்கள். கால்சியம் லாக்டேட் நேர் எதிர். சூட்டில் கரையும், குளிரில் படியும். 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும் பிரித்தவர் ஒரே ஆள்தான், ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே. சுண்ணாம்பு, பிறகு கந்தக அமிலம் என்று வழியும் ஒன்றுபோல் இருப்பதால் கையேடு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் சுண்ணாம்பு போட்டது முழுக்க வீணில்லை. அழுக்கு போலத் திரண்டது புரதம். அது போக வேண்டியதுதான். தப்பு எங்கே என்றால், 6 கிராம் சர்க்கரையை வைத்துக்கொண்டு காரத்தில் கொதிக்க வைத்தது. குளுக்கோஸைச் சுண்ணாம்போடு காய்ச்சினால் பழுப்பாகாமல் என்ன செய்யும்? ஈஸ்ட் சாற்றின் அமினோ அமிலமும் சேர்ந்துகொள்ளும். டிகாஷன் அங்கேதான் இறங்கியது. இன்னும் ஆறு, எட்டு மணி நேரம் கலனிலேயே விட்டுச் சர்க்கரையை லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பாதி நிறம் அங்கேயே போய்விடும். பின்னால் கரி போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். கரி நிறத்தோடு அமிலத்தையும் கொஞ்சம் தின்னும்.

ஜிப்சம் களியானதற்குக் காரணம் நீங்கள் ஆறவிட்டது, ஒரே மூச்சில் ஊற்றியது. 70 டிகிரியில், கிளறிக்கொண்டே, ஒரு மணி நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். போன தடவை ஜிப்சம் ஒரு கரண்டி வைத்திருந்தால் அதை உறைமோர் மாதிரி முதலிலேயே போடுங்கள். படிகம் ஊசி ஊசியாக நீளும், தண்ணீர் தானாக இறங்கும். வடிதாளில் தங்கும் கட்டியை, எங்கள் பேச்சில் கேக்கை, வெந்நீரால் இரண்டு தடவை கழுவுங்கள். கழுவிய நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கழுவியதாக எழுதவில்லை. சுண்ணாம்பு கேக், ஜிப்சம் கேக் இரண்டிலும் சேர்த்து ஒரு 60 கிராம் அமிலம் போயிருக்கும் என்று என் கைக்கணக்கு சொல்கிறது.

வெள்ளைப் படலமும் ஜிப்சமே. அது முழுக்கப் படிவதில்லை, லிட்டருக்கு இரண்டு கிராம் கரைந்து நிற்கும். சுண்டும்போது கண்ணாடியில் ஒட்டும். ஆலையில் சுண்டுவதற்கு முன் வன் அமில நேரயனி ரெசினில் விட்டுக் கால்சியத்தையும், அடுத்து வன்மை குறைந்த கார ரெசினில் விட்டுச் சல்பேட்டையும் எடுப்போம். உங்களிடம் இரண்டு கண்ணாடிப் பத்திகள் இருந்தால் போதும்.

இப்போது 688இல் படிவில் 290, கேக்குகளில் 60 போனால் ஏறக்குறைய 340 கையில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்வது 270. அந்த 70 தொலையவில்லை, உங்கள் குடுவையிலேயே ஒளிந்திருக்கிறது. லாக்டிக் அமிலத்தில் ஒரே மூலக்கூறில் அமிலக் கையும் உண்டு, ஆல்கஹால் கையும் உண்டு. தண்ணீரை விரட்ட விரட்ட ஒன்றன் கையை இன்னொன்று பிடித்துக்கொண்டு எஸ்டர் ஆகிவிடும். பிடித்த கை டைட்ரேஷனில் தெரியாது. 80 டிகிரியில் நான்கு மணி நேரம், அதுவும் மிச்சக் கந்தக அமிலம் இருந்தால், சொல்லவே வேண்டாம். மாதிரியில் அளந்த காரத்தை அதிகமாகவே ஊற்றி, நீர்த்தொட்டியில் 20 நிமிடம் சூடாக்கி, மிஞ்சிய காரத்தைக் கந்தக அமிலத்தால் பின்டைட்ரேஷன் செய்யுங்கள். கடையில் 88 சதவீதம் என்று விற்கிறார்களே, அந்த எண்ணும் இப்படி எடுத்ததுதான்.

நீளமாகிவிட்டது. ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் இப்படித்தான்.

---

கிழங்கு மண்டி

சகோதரிக்கு வணக்கம். எனக்குச் சேகோ ஆலைத் தொழில். வேதியியல் தெரியாது. லாக்டிக் அமிலம் போடலாமா என்று மூன்று வருடத்துக்கு முன் நானும் நண்பர் ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்களை நிறுத்தியது ஸ்டார்ச்சு விலை இல்லை, ஜிப்சம். ஒரு கிலோ அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஜிப்சம் வரும் என்றார்கள். ஐயா, இது உண்மையா? நாளைக்கு ஐந்து டன் அமிலம் எடுத்தால் ஐந்து டன் ஜிப்சத்தை எங்கே கொட்டுவது? எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுகிறோம், ஏக்கருக்கு 160 கிலோ. அப்படி விற்றுவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை.

---

மூன்றாம் ஷிப்ட்

உண்மைதான். 180 கிலோ அமிலத்துக்கு 172 கிலோ ஜிப்சம், காய்ந்த கணக்கில். அழுத்தி வடிக்கும் பில்டர் பிரஸ்ஸிலிருந்து விழும்போது ஈரத்தோடு இன்னும் அதிகம். கூடவே 100 கிலோ கார்பனேட்டும் 98 கிலோ கந்தக அமிலமும் வாங்கிச் செலவழித்திருப்பீர்கள். அதாவது காசு கொடுத்து வாங்கிய இரண்டு பொருளைக் காசு கொடுத்துக் கொட்ட வேண்டிய ஒரு பொருளாக மாற்றுகிறோம். இந்தத் தொழிலின் வயிற்றுவலி அது.

நிலக்கடலை யோசனை மோசமில்லை. ஆனால் கடலைக்கு ஜிப்சம் வருடத்தில் சில வாரம்தான் கேட்பார்கள். பில்டர் பிரஸ் தினமும் கேட்கும். நம் கேக்கில் மிச்ச அமிலமும் புரதமும் இருக்கும். குவித்து வைத்தால் நாறும். கழுவி, உலர்த்தி, சோதனை செய்து விற்பதற்குள் சுரங்க ஜிப்சம் மலிவாக வந்துவிடும்.

இதனால்தான் வெளிநாட்டில் வேறு வழி தேடினார்கள். நெப்ராஸ்காவின் பிளேர் நகரில் 2002இல் மக்காச்சோள மாவுச் சர்க்கரையிலிருந்து பாலிலாக்டிக் அமிலம் (லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக்) செய்யும் ஆலை வந்தது. அந்தப் பக்கத்தினர் அமிலம் தாங்கும் ஈஸ்டுக்கு மரபு மாற்றி லாக்டிக் அமிலம் சுரக்கவைத்தார்கள். பி.எச். தாழ்ந்தாலும் அது சாகாது. சுண்ணாம்பு குறையும், ஜிப்சமும் குறையும். பிரித்தெடுப்பின் சிக்கலைக் கலனிலேயே தீர்ப்பது. கலன்காரர்கள் எங்களுக்கு உதவிய ஒரே தடவை அது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

---

புளித்தமாவு

ஐயா, உங்கள் பதிலை அச்செடுத்து ஆய்வகத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் படிவில் பாதியை அன்றே ஆட்டோகிளேவ் செய்து எறிந்துவிட்டேன். மீதிப் பாதி, 450 கிராம், உறைபெட்டியில் டப்பாவில் இருந்தது. நேற்று அதை 60 டிகிரி வெந்நீரில் போட்டேன். கண்ணெதிரே கரைந்தது. அடியில் தங்கியது ஒரு கைப்பிடி. எச்.பி.எல்.சி.யில் 141 கிராம் லாக்டிக் அமிலம். இரண்டால் பெருக்கினால் 282. நீங்கள் 290 என்றீர்கள். பார்க்காமலே எட்டு கிராம் வித்தியாசத்தில் சொல்லிவிட்டீர்கள்.

பின்டைட்ரேஷனும் செய்தேன். 270 என்று இருந்தது 325 ஆனது. கையேட்டில் அந்தப் பக்கம் சிட்ரிக் அமிலத்துக்கானதுதான்; தலைப்பில் "கரிம அமிலங்கள்" என்று பொதுவாகப் போட்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஒரு சந்தேகம். குளிரவைத்தால் கால்சியம் லாக்டேட் இவ்வளவு எளிதாகப் படிகமாகிறது என்றால், செல்களை முதலில் சூட்டிலேயே எடுத்துவிட்டு, தெளிந்த கரைசலை வேண்டுமென்றே குளிரவைக்கக் கூடாதா? சர்க்கரையும் நிறமும் தண்ணீரிலேயே நின்றுவிடாதா? இன்னொன்று, கந்தக அமிலம் சரியாக எவ்வளவு சேர்த்தால் போதும் என்று எப்படித் தெரியும்? கணக்குப்படி ஊற்றினால் போதுமா?

---

மூன்றாம் ஷிப்ட்

முதல் கேள்வியை நீங்களே கேட்டுவிட்டீர்கள், நான் அடுத்த தடவை சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஆம், அதுதான் பழைய ஆலைகளின் வழி. 70 டிகிரிக்குக் குறையாமல் வடிகட்டுங்கள். வடிகட்டியையும் புனலையும் முன்கூட்டியே சூடாக்குங்கள். மறந்தால் புனல் காம்பிலேயே உறைந்துவிடும். தெளிவை மெதுவாகக் குளிரவையுங்கள், இரண்டு நாள் பொறுங்கள். படிகத்தைப் பனிநீரால் கொஞ்சமாகக் கழுவி, வெந்நீரில் திரும்பக் கரையுங்கள். நிறம், படிகம் எடுத்தபின் மிஞ்சும் தாய்நீரில் போய்விடும். அந்தத் தாய்நீரை எறியாதீர்கள், அதில் லிட்டருக்கு 30, 40 கிராம் அமிலம் நிற்கும். சுண்டி அடுத்த தொகுதியோடு சேருங்கள்.

இரண்டாவது: கணக்கை நம்பாதீர்கள். கணக்கில் வந்ததில் 95 சதவீதம் ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். வடித்த துளியை இரண்டு சோதனைக் குழாயில் எடுங்கள். ஒன்றில் அம்மோனியம் ஆக்சலேட் விட்டால் கலங்கும்: கால்சியம் மிச்சம். இன்னொன்றில் பேரியம் குளோரைடு: சல்பேட் மிச்சம். ஜிப்சம் கொஞ்சம் கரையும் என்பதால் இரண்டிலுமே மெல்லிய கலங்கல் இருந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் கால்சியம் பக்கம் சாய்ந்திருக்கட்டும். அதை ரெசின் எடுத்துக்கொள்ளும். கந்தக அமிலம் மிஞ்சினால் சுண்டும்போது கருகும், எஸ்டரும் கூடும். சுண்டுவதையும் 60 டிகிரிக்கு இறக்குங்கள், வெற்றிட பம்ப்பின் எண்ணெயை மாற்றினாலே அது முடியும்.

பேரியம் குளோரைடு நஞ்சு. சோதனைக் குழாயைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். சல்பேட் போட்டுப் படியவைத்துத் தனிப் பாட்டிலில் சேருங்கள்.

---

கரைப்பான்

ஐயா சொன்ன மோர் அடுக்கு எனக்கு இந்த வாரம் வந்துவிட்டது. உண்மையான நொதிக்கரைசல் இரண்டு லிட்டர் வாங்கிக் குலுக்கினேன். மூன்று நாளாகப் பிரிபுனலில் அப்படியே நிற்கிறது. சகோதரி, சுண்ணாம்பு போட்டு வடித்த தெளிவு அரை லிட்டர் கிடைக்குமா? புரதம் போன பிறகு எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும்.

---

புளித்தமாவு

கிடைக்கும். புதன்கிழமை வடிக்கிறேன். பிளாஸ்கில் சூடாக எடுத்துப் போங்கள், வழியில் ஆறவிட்டுவிடாதீர்கள்.